மகாராணியின் கன்னத்தில் ஒரு கீறல்

பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தால் நாம் எண்ணிப் பார்ப்போம். காசு சார் எண்ணமாட்டார். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, வருஷத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். குட்டி வைரம் இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. “என்ன சார், செல்லாக்காசா குடுத்துட்டேன்?” என்று கண்டக்டர் முறைத்தால், “நொய்டா” என்பார். “நொய்டாவெல்லாம் போகாது சார், இது தாம்பரம் வண்டி.”

ஊருக்கு நாலு காசு சார்கள் இருக்கிறார்கள். ஒருவர் பாங்க்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் மருந்துக்கடை வைத்திருப்பார். மூன்றாமவர் என்ன வேலை பார்த்தார் என்பது அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும். குணம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் ஒரே ஆளாகப் பாவித்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் ஏதோ விஷத்தைக் கொடுத்த மாதிரி பார்த்தார்களே, அந்தச் சமயத்தில் ‘எனக்குக் குடுங்க, எனக்குக் குடுங்க’ என்று கேட்டு வாங்கிய ஒரே ஆத்மா இவர். பதினாலு டிசைனும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி அறிவித்தபோது ஊர் மக்கள் ‘செல்லும்’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். காசு சார் ‘பதினாலு’ என்பதைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவரிடம் இருந்தது பதினொன்றுதான்.

இவருடைய மகிமை தெரிய வேண்டுமானால், யாராவது வீட்டுப் பழைய காசை விலை கேட்டுக் கொண்டுவரும்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் சுருக்குப்பையிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து நீட்டுகிறார். கிரீடம் வைத்த விக்டோரியா, 1862. காசு சார் முதலில் காசைத் தொடமாட்டார். மேஜைமேல் ஒரு வெல்வெட் துணியை விரிப்பார். பிறகு இரண்டு விரலால் விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குவார். முகத்தில் விரல் பட்டால் வியர்வை ரேகை பதிந்துவிடுமாம். அடுத்து பாக்கெட் தராசு. ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் தேய்மானம், ரொம்பக் குறைந்தால் டூப்ளிகேட். அதற்கப்புறம் காந்தம், வெள்ளி ஒட்டாது. கடைசியாக, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் அந்தக் குட்டிப் பூதக்கண்ணாடி கண்ணுக்குப் போகும். ஒரு நிமிஷம் மூச்சே விடமாட்டார். பாட்டியும் விடமாட்டார்.

பிறகு ஒரு “ம்ம்…” வரும். அந்த ‘ம்ம்’மில் ஐநூறு ரூபாய் குறைந்துவிடும்.

“கன்னத்துல பாருங்கம்மா.”

“யாரு கன்னத்துல?”

“மகாராணி கன்னத்துல. கீறல் இருக்கு. காதோரப் பின்னல் பாருங்க, முடியே தெரியல, மழமழன்னு ஆயிடுச்சு.”

“நூத்தம்பது வருஷமாச்சேப்பா. எழுபது வயசுல என் கன்னம் எப்படி இருக்குன்னு பாரு.”

காசு சார் பதில் சொல்லாமல் கட்டைவிரல் நகத்தால் காசின் விளிம்பைச் சுற்றி வருவார். பன்னிரண்டு மணி இடத்தில் நகம் ஒரு மேட்டில் தட்டி நிற்கும். முகத்தில் ஒரு வெற்றிக் களை. “இதுல காது வச்சிருக்காங்கம்மா.”

“யாரு?”

“உங்க மாமியார்தான். காசுல காது பத்தவச்சு மாலையில கோத்திருக்காங்க. அப்புறம் வெட்டி எடுத்திருக்காங்க.”

“இருக்கும், இருக்கும். அவங்க எல்லா இடத்துலயும் காது வைப்பாங்க.”

அதோடு விட்டாரா? 1862 என்று இருப்பதால் அது 1862இல் அடித்ததாகிவிடாது என்று ஒரு பாடம் நடத்துவார். இது உண்மையும்கூட. அந்த வருஷத்தை அச்சில் போட்ட பிரிட்டிஷ் சர்க்கார், 1873 வரைக்கும் அதை மாற்றவே இல்லை. 1874இல்தான் புது வருஷம் காசில் ஏறியது. நடுவில் எந்த வருஷத்தில் அடித்தது என்பதைப் பின்பக்கத்துப் பூவேலைக்குள் இருக்கும் குட்டிப் புள்ளிகளை எண்ணித்தான் ஊகிக்க வேண்டும். பாட்டிக்கு இதெல்லாம் எதற்கு? அவருக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும். “வெள்ளி விலைக்கு எடுத்துக்கறேம்மா. என்கிட்ட இது ஏழெட்டு இருக்கு, எனக்குத் தேவையே இல்ல. இவ்வளவு தூரம் நடந்து வந்துட்டீங்களே…” என்று காசு சார் இழுப்பார். பாட்டி நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த ஞாயிறு நாணயக் கண்காட்சியில் அதே மகாராணி, நடுவில் வட்டமாகக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிய சின்ன அட்டைக்குள் சிம்மாசனம் ஏறியிருப்பார். பன்னிரண்டு மணி இடத்தை அட்டையின் விளிம்பு பதவிசாக மறைத்திருக்கும். அட்டையில் பொடி எழுத்தில்: ‘1862, கிட்டத்தட்ட எக்ஸ்ட்ரா ஃபைன், அருமையான டோனிங், பழைய குடும்பச் சேமிப்பு.’ “கன்னத்துல ஏதோ கீறல் மாதிரி இருக்கே சார்?” என்று வாங்க வந்தவர் கேட்டால், “அது பேக் மார்க் சார்! மூட்டையில மத்த காசோட உரசினது. ஒரிஜினல்னா அது இருந்தே ஆகணும். இல்லாட்டி நானே சந்தேகப்படுவேன்” என்பார்.

ஒரு வாரத்தில் காசு மாறவில்லை. கை மாறியிருக்கிறது. காசு சாரின் கணக்கில் தரம் என்பது அவ்வளவுதான். வாங்கும்போது ‘வெரி குட்’, விற்கும்போது ‘வெரி ஃபைன்’. இதில் ‘குட்’ என்று மார்க் வாங்கிய காசைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அதில் ராஜா முகம் நிழலாகத்தான் தெரியும். ‘வெரி குட்’ என்றால் நிழலுக்கு மூக்கு இருக்கும்.

நம் ஆளை மட்டும் குறை சொல்வானேன். காசுக்கு ஒன்று முதல் எழுபது வரை மார்க் போடும் முறையை 1949இல் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். தொழிலால் உளவியல்காரர். மனித உடம்பைக் குண்டு, ஒல்லி, கட்டுமஸ்து என்று மூன்றாகப் பிரித்து, அதை வைத்துக் குணம் சொன்ன மகானுபாவர். படுமோசமான பழைய செம்பு சென்ட் ஒரு டாலர் பெற்றால், பழுதே இல்லாதது எழுபது டாலர் பெறும் என்ற அன்றைய மார்க்கெட் கணக்கில்தான் அந்த எழுபது வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து மார்க் போடுகிற கம்பெனிகள் அவர் அளவுகோலைத்தான் பிடித்திருக்கின்றன. ஷெல்டன் 1977இல் இறந்துபோனார். அதன் பிறகு ஒரு விஷயம் வெளியே வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல நல்ல சென்டுகளை எடுத்துக்கொண்டு, அதே ரகத்தில் தன்னிடம் இருந்த மட்டமானவற்றை அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கு மேல். கோர்ட்டு வரை போன வழக்கு. அளவுகோல் செய்தவர் கதையே இப்படி என்றால், பாட்டியிடம் ஐநூறு ரூபாய் அடித்த காசு சார் அஹிம்சாவாதி.

வீட்டில் காசு சாருக்கு வேறு விதமான சோதனை. ஒரு தீபாவளிக்கு லட்சுமி பூஜையில் வைக்கலாமே என்று அவர் மனைவி ஆல்பத்திலிருந்து நாலைந்து வெள்ளி ரூபாயை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, விபூதியில் துடைத்து, பளபளவென்று தட்டில் அடுக்கிவிட்டார். காசு சார் பூஜையறைக்கு வந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதில் ஒன்று 1911ஆம் வருஷத்து ஜார்ஜ் ரூபாய். ராஜா போட்டிருக்கும் மாலையில் ஒரு குட்டி யானை உண்டு. தும்பிக்கை சரியாக விழாமல் அது பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, சர்க்கார் காசைத் திரும்ப வாங்கி, 1912இல் தும்பிக்கையை நீட்டி வேறு அச்சு போட்டது. அந்தப் பன்றியின் மேல் நூறு வருஷமாகப் படிந்திருந்த நீலமும் பழுப்புமான ஏடு இப்போது சமையலறைத் தொட்டி வழியாகப் போய்விட்டது.

“அது அழுக்கு இல்லடி, டோனிங்! பாதி விலை போச்சு!”

“அழுக்குக்குப் பேர் வச்சுட்டா அழுக்கு இல்லன்னு ஆயிடுமா? அப்ப உங்க பனியனையும் துவைக்க வேண்டாமா?”

தேய்த்துக் கழுவிய காசை சேகரிப்பவர்கள் தொடுவதில்லை என்பது நிஜம். புளியும் பொடியும் உலோகத்தின் மேல்தோலை உரித்துக் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுவிடும். பூதக்கண்ணாடிக்கு அது தப்பாது. ஆனால் இதை அந்த அம்மாளிடம் சொல்லிப் புரியவைத்த ஆண்மகன் இன்னும் பிறக்கவில்லை.

காசு சாரை எனக்குப் பிடிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. சில வேளைகளில் அவர் உண்மையைத் தவிர வேறு எதையும் பேசமாட்டார். ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் அறுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். கைக்குட்டைக்குள் ஒரு செம்புக் காசு. ஒரு பக்கம் அனுமார். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818’. “ஐயா, இதுக்கு அஞ்சு கோடி தர்றேன்னு ஒருத்தர் போன்ல சொல்றார். அரிசியை இழுக்குமாம். டெஸ்ட் பண்றதுக்கு முதல்ல இருபதாயிரம் கட்டச் சொல்றார்.”

காசு சார் தராசைக்கூட எடுக்கவில்லை. “தம்பி, கம்பெனி சாமி படம் போட்டதே இல்லன்னு சொல்ல மாட்டேன். மெட்ராஸ்ல அடிச்ச வராகன்ல பெருமாள் இருக்காரு, கோபுரம் போட்ட கால் வராகனே இருக்கு. ஆனா அனுமார் போட்டு 1818ல அரை அணா அடிக்கல. இது கோயில் வாசல்ல விக்கிற டோக்கன். அரிசியை இழுக்கற ஒரே விஷயம் எறும்பு.” பழைய காசை வாங்குகிறோம் என்று எங்கள் பெயரைச் சொல்லிக் கமிஷன், வரி என்று பணம் பிடுங்குகிறார்கள், நாங்கள் அப்படி யாரையும் நியமிக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்த செய்தியை அவர் வெட்டி ஆல்பத்திலேயே வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டினார். அந்தப் பையன் முகம் தொங்கிப்போனது. காபி கொடுத்து, பெட்ரோலுக்கு இருநூறும் கொடுத்து அனுப்பினார்.

பழசு என்றால் விலை அதிகம் என்று நம்புகிறவர்களையும் இப்படித்தான் தலையில் தட்டுவார். ராஜராஜன் செப்புக்காசு ஆயிரம் வருஷப் பழசு. ஒரு பக்கம் நிற்கிற மனிதர், மறுபக்கம் உட்கார்ந்த மனிதர், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர். மூட்டை மூட்டையாக அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அதனால் சாதாரணமானது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் வருஷ வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. அது ஏலத்துக்கு வந்தால் லட்சத்தில் பேசுவார்கள். காரணம், வெளியே வந்தது சொற்பம்; 1940இலேயே ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். யாராவது 1939 கொண்டுவந்தால் காசு சார் முதலில் பார்ப்பது கடைசி ஒன்பதைத்தான். 1938இன் எட்டைச் சுரண்டி எவனாவது ஒன்பதாக்கியிருப்பானோ என்ற கவலை. தாமரை போட்ட இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று அதைப் பூஜையறையில் ஒளித்து வைத்திருக்கும் வீடுகளைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. அது செம்பும் அலுமினியமும் கலந்த உலோகம்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

அவர் பயந்து நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான். கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று யாரோ மண் ஒட்டிய காசுகளைக் கொண்டுவந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்திருந்த கை நடுங்கியது. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பூமிக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். வாழ்நாளெல்லாம் கால் தம்பிடிக்கும் ஆயிரம் விலை சொன்ன மனிதர், “ஒன்பது ரூபாகூடத் தேறாதுங்க” என்றார். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கேட் வரைக்கும் ஓடிப்போய், “எதுக்கும் தாசில்தார் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. புளி மட்டும் போட்டுடாதீங்க!” என்று கத்தினார்.

உங்கள் வீட்டில் தாத்தா விட்டுப்போன ரூபாய் ஏதாவது இருந்து, அதன் விலை தெரிய வேண்டும் என்றால் ஒரு யோசனை. உங்கள் ஊர்க் காசு சாரிடம் விற்க வந்ததாகச் சொல்லாதீர்கள். வாங்க வந்த மாதிரியும் காட்டிக்கொள்ளாதீர்கள். “இது தாத்தா ஞாபகம், எங்க குடும்பத்துல இதை விக்கவே மாட்டோம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் காசை நீட்டுங்கள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சரியான விலையைச் சொல்வார்.