வாட்ச்மேன் வந்த கதை

1988-இல் இணையம் ஒரு சின்னத் தெரு. குடியிருந்தவர்கள் பேராசிரியர்கள், ராணுவத்துக்காரர்கள், ஆராய்ச்சி மாணவர்கள். கதவைச் சாத்தினால் ‘என்ன கோபம்?’ என்று கேட்கிற தெரு. ‘ஃபிங்கர்’ என்றொரு சேவை, முகம் தெரியாதவர் கேட்டாலும் ‘அவர் கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறார்’ என்று ஒப்பிக்கும். ‘சென்ட்மெயில்’ என்ற தபால்காரருக்கோ ‘டீபக்’ என்று ஒரு கொல்லைக் கதவு. ரிப்பேருக்காக வைத்தது; பல வீடுகளில் தாழ் போட மறந்தது.

நவம்பர் 2 மாலை, கார்னெல் மாணவர் ராபர்ட் டப்பான் மாரிஸ் இந்தத் தெருவில் ஒரு புழுவை, அதாவது தானாகவே பரவும் ஒரு நிரலை, விட்டார். சொந்தக் கல்லூரியிலிருந்து விட்டால் மாட்டிக்கொள்வோமே என்று எம்.ஐ.டி. கம்ப்யூட்டரிலிருந்து விட்டார். அவ்வளவு விவரம்!

ஏற்கெனவே புழு புகுந்த கம்ப்யூட்டரில் மறுபடி புகக்கூடாது என்பது திட்டம். ஆனால் எவனாவது கெட்டிக்காரன் ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று பொய் சொல்லிவிட்டால்? அதற்காக, ஏழு தடவைக்கு ஒரு தடவை என்ன சொன்னாலும் கேட்காதே என்று எழுதிவைத்தார். குடி கெட்டது அங்கேதான். ஒரே கம்ப்யூட்டரில் புழுமேல் புழு ஏறி, அது மூச்சுத் திணறிப் படுத்தது. இணையத்தில் அன்றைக்கு இருந்தவை சுமார் 60,000 கம்ப்யூட்டர்கள். பத்தில் ஒன்று விழுந்தது என்பது அன்றைய உத்தேசக் கணக்கு.

டீபக் கதவில் நுழைவது போக, புழுவுக்குப் பாஸ்வேர்டை ஊகிக்கவும் தெரியும். பாஸ்வேர்டை எப்படிக் காப்பது என்று 1979-இல் கென் தாம்சனோடு சேர்ந்து ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார். வேறு யாருமில்லை, பையனின் அப்பா. சம்பவத்தின்போது அமெரிக்க அரசின் தேசியக் கணினிப் பாதுகாப்பு மையத்தில் அவர் தலைமை விஞ்ஞானி. அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கு இறங்கியிருக்கும் சோறு?

மாரிஸின் ஹார்வர்டு நண்பர் ஒருவர் மன்னிப்பும் மருந்தும் சேர்த்து மொட்டைக் கடுதாசி அனுப்பினார். புழுவுக்குப் பயந்து எல்லோரும் இணைப்பைப் பிடுங்கியிருந்ததால், அது நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மாரிஸுக்கு 3 வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு பேராசிரியர் வேலையும் கிடைத்தது. எங்கே? அதே எம்.ஐ.டி.யில்.

தெரு அதற்கப்புறம்தான் ‘ஃபயர்வால்’ என்ற வாட்ச்மேனை மும்முரமாகத் தேடியது. முதலில் வந்தவர் ‘பாக்கெட் ஃபில்டர்’. கவரின் மேல் எழுதிய முகவரியையும் போர்ட் எண்ணையும் மட்டும் பார்ப்பார். உள்ளே வெடிகுண்டே இருந்தாலும் முகவரி சரியென்றால் சலாம். அடுத்து ‘ப்ராக்ஸி’, கல்யாணத் தரகர். இரண்டு வீட்டாரும் நேரில் பேசவே முடியாது. 1994-இல் செக் பாயிண்ட் நிறுவனம் கொண்டுவந்த வாட்ச்மேன் கையில் நோட்டு: ‘உள்ளேயிருந்து யாராவது கூப்பிட்டார்களா? இல்லையா? அப்ப கிளம்பு.’ வெளியாள் வந்துபோகும் சர்வர்களை உட்கார வைக்க ‘டிஎம்இசட்’. கொரியாவில் 1953-இல் 4 கிலோமீட்டர் அகலத்துக்குப் போட்ட ராணுவமற்ற பட்டைக்கும் இதே பெயர்தான். எதற்கு அவ்வளவு தூரம்? திண்ணை என்றிருக்கலாம். வருகிறவர் உட்காரலாம், மோர் குடிக்கலாம், நடைக்குள் கால் வைக்கக்கூடாது.

பெல் லேப்ஸில் இந்த வாட்ச்மேன் வேலை பார்த்தவர் பில் செஸ்விக். தம் நிறுவனத்தின் பாதுகாப்பு வெளியே மொறுமொறு, உள்ளே மெத்துமெத்து என்று 1990-இல் அவரே எழுதினார். மெதுவடைதான், வேறென்ன.

1991 ஜனவரியில் அவர் வாசலில் ஒருவன் வந்து தட்டினான். எந்தக் கதவை? சாட்சாத் அதே டீபக் கதவை, புழு போய் இரண்டு வருடம் கழித்து! செஸ்விக் விரட்டவில்லை. போலியாக ஒரு பாஸ்வேர்டு கோப்பைச் செய்து, ‘எடுத்துக்கொள் ராஜா’ என்று நீட்டினார். வந்தவனுக்கு பெர்ஃபெர்ட் என்று பெயர் விழுந்தது. அவன் ஒவ்வொரு கட்டளை கொடுக்கும்போதும் செஸ்விக், நிஜக் கம்ப்யூட்டர் இதற்கு என்ன சொல்லும் என்று யோசித்து, பதிலைக் கையாலேயே தயாரித்து அனுப்பினார். கம்ப்யூட்டர் ஏன் இவ்வளவு மந்தம் என்று பெர்ஃபெர்டுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு ராத்திரி, தடயத்தை மறைக்க, இருக்கிற எல்லாக் கோப்பையும் அழி என்று கட்டளை கொடுத்தான். இல்லாத கம்ப்யூட்டரில், இல்லாத கோப்புகள். செஸ்விக்குக் கோபம் வந்துவிட்டது.