கழலா ஆணி: ராஜபாளையம் வட்டார டூர் வேன்களின் ஷேக்கிள் பின் குறித்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தார். வேனின் அடிவயிற்றுக்கும் இப்பகுப்பு அப்படியே பொருந்தும் என்பது இவ்வாய்வின் முதற்கோள். சேசிஸும் ஆக்ஸிலும் பெயர். சக்கரம் வினை. கமான் பட்டை உரி. ஏனெனில் வண்டியின் பண்பை முதுகெலும்பு வழியாக உணர்த்துவது அதுதான், வேகத்தடை வந்தால் கிறீச்சிட்டு இசையையும் உணர்த்தும். இவற்றுக்கு நடுவே, தனித்து நிற்க மாட்டாமல், இரண்டைச் சேர்த்து வைப்பதற்கென்றே ஒன்று உண்டு. அது ஷேக்கிள் பின். இடைச்சொல் என்க.

அறியாதார்க்கு அதன் இயல்பு உரைப்பாம். கமான் என்பது நீளத்தில் குறைந்துகொண்டே வரும் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் ஆக்ஸிலோடு இறுக்கிய கட்டு. எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையின் இரு முனையும் சுருட்டிக் கண்ணாக்கப்பட்டிருக்கும். முன்கண் ஒரு பின்னால் சேசிஸில் நிலையாக மாட்டப்படும். பின்கண்ணை அப்படி மாட்ட முடியாது. பாரம் ஏறியதும் வளைந்த பட்டை நிமிரும், நிமிர்ந்தால் நீளும், நீண்டால் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவதற்காக ஊஞ்சல்போல ஆடும் ஷேக்கிள் ஒன்றை நடுவே வைத்து, மேலே ஒரு பின், கீழே ஒரு பின் போடுவார்கள். ஆகக் கமானுக்கு மூன்று, நான்கு கமானுக்குப் பன்னிரண்டு. ஆழ்வார்களும் பன்னிருவர் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டினார். இருவரைத் தந்த ஊர்க்காரர் என்பதால் மறுக்கவில்லை, ஆய்வில் சேர்க்கவுமில்லை.

அடுத்து ஆய்வுப்பொருளின் தாய்வீடாகிய வேன். மேல்நாட்டார் மோட்டார் ஹோம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, கொட்டாவி விட ஒரு சோபா. அதில் போகிறவர்கள் இரண்டு பேர். நம் வட்டாரத்தில் அதற்கு நிகரானது டூர் வேன். இதில் கட்டில் இல்லை, ஆனால் எல்லாரும் தூங்குவார்கள். அடுப்பு டேக்சாவோடு மேலே கட்டப்பட்டிருக்கும். குளியலறை வழியில் ஓடும் பம்புசெட். கார்த்திகை பிறந்ததும் திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை, ஆரியங்காவு என்று கொல்லம் வரை போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவு நின்று பார்த்தால், இவ்வினம் கூட்டம் கூட்டமாக மேற்கே இடம்பெயர்வதைக் காணலாம். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்காக இன்னொரு இடப்பெயர்ச்சி உண்டு. இருக்கை எத்தனை என்பதை ஆர்.சி. புத்தகம் சொல்லும்; ஏறியவர் எத்தனை என்பதைப் பட்டை சொல்லும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஒரு பட்டறையின் பின்புறம், வேப்பமரத்தடியில் ஓய்வு பெற்றிருந்த வேன். முகப்பில் கம்பெனிப் பெயரின் எழுத்துகள் உதிர்ந்துவிட்டதால் ஆய்வின் நடுநிலைமை தானாகவே உறுதிப்பட்டது. கீழே ஒரு நாய் படுத்திருந்தது. பிறப்பால் ராஜபாளையத்தது, இனத்தால் அன்று. 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த அந்த வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு எதுவும் இதற்கில்லை. ஆனால் பன்னிரண்டு பின்களுக்கும் மிக அருகில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரே உயிர் என்ற முறையில் அதன் இருப்பைப் பதிவு செய்கிறோம்.

இனி இப்பின்கள் பிடித்துக்கொண்டு கழலாமைக்குக் காரணம். ராஜபாளையம் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கும் ஊர். பஞ்சாலையும் மாந்தோப்பும் உண்டு, கடல் இல்லை. இங்கேயே பிறந்து பால் வண்டியாக ஓடிய வேன்களில் பின் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. டூர் வேன்களில் மட்டும் பிடிக்கிறது. ஏன்? வேனின் பயண வரலாற்றை விசாரித்தபோது விடை கிடைத்தது: திருச்செந்தூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி. மூன்றும் கடற்கரை. ஒவ்வோர் இடத்திலும் டிரைவர் ஓரத்து நிழல் தேடி, அலைக்கு எவ்வளவு கிட்டத்தில் நிறுத்த முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் நிறுத்துகிறார். ஈரத் துணியோடு ஏறுகிறவர்கள் கடலில் ஒரு பங்கை உள்ளேயும் கொண்டுவருகிறார்கள். உப்பு கரைந்த நீர் மின்னூட்டத்தைச் சுலபமாகக் கடத்தும். இரும்பு துருவாவது ஒரு மின்வேதி வினை. ஆகவே உப்பு பட்ட இடத்தில் அது ஓட்டமாக ஓடும். இதிலிருந்து பெறப்படும் விதி: ஒரு வேனின் துரு அதன் பக்திக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

இவ்விதிக்கு ஒரு திருத்தம் உண்டு. பழனியும் மதுரையும் எத்தனை முறை போனாலும் துருக் கணக்கில் சேராது. வேளாங்கண்ணியும் நாகூரும் தாராளமாகச் சேரும். துரு மதம் பார்ப்பதில்லை, கடற்கரையை மட்டும் பார்க்கிறது.

துரு வெறும் அழுக்கு அன்று. தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அது அடைத்துக்கொள்ளும். பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸ் ஓட விட்டிருந்த மெல்லிய இடைவெளியில் அது குடியேறி, பிறகு பெருத்தால், போவதற்கு வேறு இடமில்லை. இரண்டையும் நெருக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு பின்னின் தலையிலும் கிரீஸ் நிப்பிள் வைத்திருக்கிறார்கள். அதில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் புதுக் கிரீஸ் உள்ளே போய்ப் பழைய சேற்றை வெளியே தள்ளும். ஆயுத பூஜையன்று இவ்வட்டார வேன்களில் சந்தனம், குங்குமம் பெறும் உறுப்புகளை அட்டவணைப்படுத்தினோம்: முன்கண்ணாடி, ஸ்டியரிங், ஹெட்லைட், நான்கு டயர், ஸ்டெப்னி, டேப் ரெக்கார்டர். ஷேக்கிள் இப்பட்டியலில் இல்லை. குனிந்தால் மட்டுமே தெரியும் தெய்வத்துக்குப் பூசை இல்லை.

முன்னோர் இதற்கு என்ன செய்தனர் என்றொரு கேள்வி வரும். லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் 1804இல் குதிரை வண்டிக்கு நீள்வட்டப் பட்டைக் கமான் செய்து காப்புரிமை பெற்றார். நம் பக்கத்தில் வில் வண்டி வந்தது. மிராசுதார் வீட்டுப் பெண்கள் குலுங்காமல் திருவிழாவுக்குப் போனார்கள். மற்றவர்கள் கட்டை வண்டியில் குலுங்கிக்கொண்டே போய் அதே திருவிழாவைப் பார்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்கு ஓடும் ஆண்டாள் தேர் இன்னும் ஒரு படி மேல். அதற்குக் கமானே கிடையாது. கமான் இல்லாததால் ஷேக்கிள் இல்லை, ஷேக்கிள் இல்லாததால் பின் பிடிக்கும் பேச்சுக்கும் இடமில்லை. பிடித்தால் தேர் மொத்தமும்தான் பிடிக்கும். அதற்கு நெம்புதடியும், வடம் பிடிக்க ஊரும் இருக்கிறது. வேனுக்கு ஊர் கூடுவது வேறு விதமாக. அது பின்னர் விரியும்.

கழற்றும் முறைகளை நினைவில் வைக்க ஒரு நூற்பா யாத்துள்ளோம்:

ஊறல் அடித்தல் சுடுதல் அறுத்தலெனக்
கூறிய நான்கே கழற்றும் நெறியே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோவெனின், பட்டறை நெறி நான்கையும் அவற்றின் முறைவைப்பையும் உணர்த்துதல் நுதலிற்று. வரிசை மாறினால் என்னாகும் என்பது உரையிற் கொள்ளக் கிடக்கும்.

ஊறல் என்பது டீசலோ மண்ணெண்ணெயோ விட்டு வைப்பது. அமெரிக்காவில் சான் டியேகோவில் இருந்த ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம், ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காதிருக்க நீரை விரட்டும் திரவம் ஒன்றைத் தேடி, 1953இல் நாற்பதாவது கலவையில் வெற்றி பெற்றது. டபிள்யூடி-40 என்ற பெயரில் உள்ள எண் அந்த நாற்பதுதான். ஏவுகணைக்கு ஆனது வேனுக்கு ஆகாதா என்று கேட்டதற்குப் பட்டறை மேஸ்திரி, "அந்தக் குப்பி விலைக்கு எத்தனை லிட்டர் டீசல் வாங்கலாம்னு பாருங்க அண்ணாச்சி" என்றார். ஆய்வு டீசலோடு தொடர்ந்தது.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? பட்டறையில் மணிக்கணக்கு செல்லாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வேன்காரர் அங்கே போய், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ப் பால்கோவாவை வரிசையில் நின்று வாங்கி, சூடு ஆறுவதற்குள் பட்டறைக்குக் கொண்டுவரும் நேரத்தை ஒரு கோவா என்று வரையறுக்கிறோம். லேசான துருவுக்கு ஒரு கோவா போதும். ராமேஸ்வரம் கண்ட பின்னுக்கு ஓர் இரவு முழுக்க வேண்டும். எண்ணெய் மயிரிழை இடுக்குகளில் தானாக ஏறும் இயல்புடையது, அவசரப்படுத்தினால் ஏறாது. அவசரப்படுகிறவர்கள் அடுத்த நெறிக்குப் போய்விடுவதால் முதல் நெறியின் வெற்றி விகிதம் எப்போதும் குறைவாகவே தெரிகிறது.

அடித்தல் கூட்டம் சேர்க்கும். சம்மட்டியின் முதல் ஓசைக்கு டீக்கடை காலியாகும். வந்தவர்களில் ஒருவர் கோலா ஊற்றச் சொன்னார். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால் பாதி சரி. ஒருவர் புளி என்றார். அவர் குத்துவிளக்கு நினைவில் இருந்தார். மூன்றாமவர் தோளில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சம்மட்டியை வாங்கி, பின்னின் தலை பூப்போல விரியும் வரை அடித்தார். தலை விரிந்த பின் துளை வழியாக வருவது எப்படி என்ற கேள்வியை அவர் எதிர்கொள்ளவில்லை. இதனாலேயே தேர்ந்த மேஸ்திரிகள் பின்னின்மேல் நேராக அடிக்காமல், இடையில் அதைவிடச் சன்னமான ஒரு பித்தளைத் துண்டை வைத்து அடிப்பர். பித்தளை நசுங்கும், பின் பிழைக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு மேஸ்திரி குனிந்து, அரை இன்ச் தடிப்பில் சேற்றைச் சுரண்டி, குறுக்கே ஒரு சின்ன போல்ட்டைக் காட்டினார். பூட்டு போல்ட். பின் தானாக நழுவாதிருக்க அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் காவல்காரன். அதைக் கழற்றாமல் யானையைக் கொண்டு அடித்தாலும் பின் வராது. கழலாமையில் கணிசமான பங்கு துருவினுடையது அன்று, பூட்டை மறந்தவருடையது என்ற முடிவு இங்கே உறுதியாகிறது. துண்டுக்காரர் டீ ஆறிவிடும் என்று கிளம்பிவிட்டார்.

திசைக் குழப்பமும் உண்டு. இடப்புறம் திருகினால் மரை தளரும் என்பது எல்லாரும் அறிந்தது. மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே, அந்தப் பக்கம் பார்த்த நட்டுக்கு எது இடப்புறம் என்பது எல்லாரும் அறிந்ததன்று. பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர்மரை வேறு இருக்கும். ஸ்பானரில் நாலடி பைப்பைச் சொருகி முழு வேகத்தில் இறுக்கிவிட்டு, "நல்லா புடிச்சிருக்கு மேஸ்திரி" என்று கைப்பையன் அறிக்கை கொடுப்பது இதனால்தான்.

சுடுதலே இவ்வாய்வின் இதயம். கேஸ் கட்டரைப் பற்ற வைத்ததும் பின் கழன்றுவிடும் அதிசயத்தை எல்லாப் பட்டறைகளும் பேசுகின்றன. அறுத்துவிடுவார்களோ என்று பயந்து வருவதாகக் கைப்பையன்கள் நம்புகிறார்கள். உண்மை இது: வளையத்தைச் சுட்டால் அதன் துளை சுருங்கும் என்றுதான் தோன்றும், ஆனால் துளையும் சேர்ந்து பெரிதாகும். 20 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு வளையத்தை 300 டிகிரி கூடுதலாகச் சுட்டால் துளை ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடியின் பருமன். நாள் முழுக்கச் சம்மட்டியும் நாலடிப் பைப்பும் ஊராரும் சேர்ந்து தேடியது இந்த ஒரு முடி இடத்தைத்தான். ஆனால் சூடு பின்னுக்குள்ளும் இறங்கினால் அதுவும் பெருத்து மறுபடி கவ்விக்கொள்ளும். எனவே சுட்ட கையோடு அடிக்க வேண்டும். "தீயைக் காட்டிருவமா மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டுச் சம்மட்டியைத் தேடப் போகிறவன் தோற்பான்.

எங்கே சுடுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஷேக்கிளையும் அது தொங்கும் சேசிஸ் கொண்டியையும் சுடலாம், பட்டையின் கண்ணைச் சுடக் கூடாது. பட்டை, சுட்டு எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றிய எஃகு. மறுபடி மிகையாகச் சூடு கண்டால் பதம் இறங்கி, அடுத்த பாரத்துக்கு வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். டீசல் டேங்க்கும் பிரேக் ஹோஸும் எவ்வளவு அருகில் உள்ளன என்று பார்க்காமல் தீயைக் கொண்டுபோனவர்களைப் பற்றி இக்கட்டுரை பேசாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களைப் பற்றியும் பேசாது. கட்டை முட்டுக் கொடுத்தவர்களோடுதான் நமக்குப் பேச்சு.

அறுத்தல் கடைசி. யூ போல்ட்டுக்கு மட்டும் அதுவே முதல். ஒருமுறை இறுக்கி நீண்ட யூ போல்ட்டை மறுபடி போடுவது பட்டறை தர்மத்துக்கு விரோதம்.

மீட்டவை என்ன ஆயின? கொண்டிகள் இன்னொரு வேனுக்குப் போயின. அந்த மாடலுக்குப் புதுசு வருவதில்லை, அதற்காகத்தான் இத்தனை பாடு. மெயின் பட்டை வளைவு ஏற்றிக் கட்டப்பட்டது. தடித்த இரண்டாம், மூன்றாம் பட்டைகளைக் கொல்லர் வந்து தேர்ந்தெடுத்துப் போனார். நல்ல அருவாளுக்கு வண்டிப் பட்டையை விடச் சிறந்த இரும்பு கிடையாது என்பது தென்மாவட்டக் கொல்லர்களின் கொள்கை. இதுவரை திருச்செந்தூருக்கு ஆள் சுமந்தது இனித் தென்னை மட்டை வெட்டும்.

எஞ்சிய பின்களும் தேய்ந்த பட்டைகளும் பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. இங்கே பக்தி–துரு விதியின் பொருளாதார விளைவு ஒன்றை வேன்காரருக்கு எடுத்துரைத்தோம். இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டே துருவாகிறது. ஒரு கிலோ இரும்பு முழுதும் துருவானால், ஈரத்தைக் கணக்கில் சேர்க்காமலே, 1.43 கிலோ தேறும். ஆகக் கடற்கரைத் தலங்களுக்குப் போன வேன் எடைக்குப் போடும்போது லாபம் தரும். அவர் போன ஒவ்வொரு ராமேஸ்வரமும் தராசில் திரும்பி வரும். வேன்காரர் முகம் மலர்ந்தார். கடைக்காரர் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தராசில் வைக்குமுன் ஒவ்வொரு பட்டையையும் தரையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.