பெயர் மாறினும் பணி மாறாமை: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

எண்கணித சோதிடர் சொற்படி குமார் என்பவர் குமரன் ஆகிறார் எனக் கொள்வோம். அரசிதழிலும் ஆதாரிலும் வங்கியிலும் திருத்தியாயிற்று. விண்டோஸ் கணினியிலும் பயனர் பெயரை மாற்றிவிட்டார். இரவு 11 மணிக்குக் கணக்குக் கோப்புகளை பேக்கப் எடுக்கும்படி டாஸ்க் ஷெட்யூலரிடம் குமார் ஒப்படைத்த வேலை, குமரனுக்கும் நடக்குமா? இதில் இரு கொள்கைகள் உள.

2. எண்வாதம்

இது விண்டோஸின் கொள்கை. கணக்கு தொடங்கும்போதே ஒவ்வொருவருக்கும் எஸ்ஐடி என்னும் நீண்ட எண் தரப்படும். அதன் கடைசிப் பகுதி நிர்வாகிக்கு 500, விருந்தினருக்கு 501. நம்மைப் போன்ற சாமானியர்க்கு 1000 முதல். பெயர் எத்தனை முறை மாறினும் இவ்வெண் மாறாது. ஆகவே வேலை பொதுவாகத் தொடரும். ஆயினும், பணியை எழுதியவர் என்ற இடத்தில் பழைய குமாரே வீற்றிருப்பார். அவரால் தீங்கில்லை.

தீங்கு கோப்புறையால் வரும். கணக்கின் பெயரை மாற்றினாலும் 'சி:\யூசர்ஸ்\குமார்' அப்படியே நிற்கும். அழகு கருதி அதையும் குமரன் ஆக்குவோர்க்கு, பழைய பாதையை நம்பிய பணி 0எக்ஸ்80070002 போன்ற பிழையெண்ணால் விடையளிக்கும். கோப்பைக் காணோம் என்பது இதன் பொழிப்புரை. எண் மாறாவிடினும் பாதை மாறிற்று என்க.

3. பெயர்வாதம்

இது லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் கொள்கை. 'யூசர்மாட்' கட்டளையால் பெயரை மாற்றினாலும் பயனர் எண் மாறாது. ஆனால் கிரானோ ஒவ்வொருவரின் பணிப்பட்டியலையும் அவரவர் பெயரிட்ட கோப்பில் வைத்திருக்கிறது. குமார் என்றொரு பயனர் இல்லாது போனதும், அவர் கோப்பைப் பதிவேட்டில் 'ஆர்ஃபன்', அதாவது அநாதை, என்று குறித்துவிட்டுக் கடந்து செல்லும். குமரன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பது அதற்கு ஒரு சான்றாகாது. கிரான்டாப் எனப்படும் அப்பணிப்பட்டியல் கோப்பின் பெயரை நாமேதான் மாற்றவேண்டும்.

4. துணிபு

விண்டோஸார் கோப்புறையைத் தொடாதிருக்க. தொட்டுவிட்டால் ஒவ்வொரு பணியின் 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியிலும் பாதையைத் திருத்துக. பெயரோடு கடவுச்சொல்லையும் மாற்றியவர், லாகின் செய்யாதபோதும் ஓடுமாறு அமைத்த பணிகளில் அதைப் புதிதாக இடுக. லினக்ஸார் கிரான்டாப்பின் பெயரை மாற்றுக.

எண்ணே மாறினால்தான் யோகம் என்று சோதிடர் வற்புறுத்துவாராயின், அதற்கும் விண்டோஸில் வழியுண்டு. கணக்கையே அழித்துப் புதிதாகத் தொடங்கினால் புது எண் கிடைக்கும். அதே பழைய பெயரை வைத்தாலும் எண் புதிதே. அந்த எண்ணுக்குப் பழைய பணி எதுவும் சொந்தமன்று. ஆதலின் யோகம் வருமுன் பேக்கப் நின்றுபோகும்.