ராயப்பர் பிடித்த மீன்

எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்தவர் ராயப்பர். பிறகு அவர் பெயரையே பேதுரு என்று மாற்றிவிட்டார்கள். ஊர் மட்டும் பிடிவாதமாக ராயபுரமாகவே இருக்கிறது. நான் அரைக்கால் சட்டையோடு பூசைக்கு உதவி செய்த அறுபதுகளில், பேதுரு என்றால் பக்கத்துத் தெரு புரொட்டஸ்டண்ட் வீட்டு ஆள், நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக சேசு இயேசுவானார், சின்னப்பர் பவுலானார், அருளப்பர் யோவானானார், சம்மனசுகள் வானதூதர்களாயின, பூசை திருப்பலியானது. 1995-ல் கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்ட் என இரு தரப்பாரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பில் திருவிவிலியம் கொண்டுவந்ததோடு பழைய ஆட்கள் எல்லோரும் ஒரேயடியாக ஓய்வு பெற்றார்கள். 1986 பிப்ரவரியில் போப்பாண்டவர் சென்னைக்கு வந்தபோது, என் பாட்டிக்கு வந்தவர் அருள் சின்னப்பர், என் மகனுக்கு ஜான் பால். இருவரும் வேறு வேறு ஆள் என்றே பாட்டி கடைசிவரை நம்பினாள். எனக்கும் திருத்த மனம் வரவில்லை.

அந்த அறுபதுகளில் பூசையின் லத்தீன் பதில்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி உருப்போட்டு, சாமியாரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஒப்பிப்போம். எனக்கு ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. தெரியாததால்தான் அது நேராக மேலே போய்ச் சேருகிறது என்று நினைத்திருந்தேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் முடிந்ததோ இல்லையோ, பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார், ஊரே மகிழ்ந்தது. எனக்கு மட்டும், கஷ்டப்பட்டுக் கற்ற வித்தை காசுக்கு ஆகாமல் போயிற்றே என்று வயிற்றெரிச்சல். எல்லாம் புரிய ஆரம்பித்த பிறகுதான் பூசையில் எனக்குத் தூக்கமும் வர ஆரம்பித்தது.

தூங்கவிடாத ஒரே இடம் பிரசங்கம். துறைமுகம் வருமுன், கடலில் தள்ளி நின்ற கப்பல்களின் சரக்கை மசூலாப் படகில் கரைக்குக் கொண்டுவந்த படகுக்காரர்கள் தங்கள் காசில் எழுப்பிய கோயில் எங்களுடையது. கடலைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்களுக்குத்தான் அதிகம் தெரியும், பாவம் சாமியார். போதாக்குறைக்கு, அவர் நரகத்தின் வாசலுக்கு எங்களை அழைத்துப் போகும் நேரம் பார்த்துத் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதும், அல்லது 1856-லேயே ரயில் புறப்பட்ட எங்கள் ராயபுரம் நிலையத்தில் இன்ஜின் கூவும். அவர் கையைத் தூக்கியபடியே காத்திருப்பார், நாங்கள் வெளியே ஆப்பம் சுடும் ஆயாவின் சட்டியிலிருந்து வரும் வாசனையை மோந்துகொண்டிருப்போம்.

ஒருமுறை, உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்க, ராயப்பர் வலையில் நூற்று ஐம்பத்து மூன்று மீன் விழுந்த கதை. நூற்று ஐம்பத்து மூன்றுக்கு என்ன உட்பொருள் என்று சாமியார் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்தார்.

"இன்னா மீனு சாமி?"

சாமியார் திகைத்தார். "பெரிய மீன் என்றுதான் எழுதியிருக்கிறதப்பா."

"அப்ப செரி. பெர்ய மீனுன்னாதான் எண்ணுவான். காரப்பொடிய எவன் எண்ணுவான், கூடைல அள்ளுவான்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று வீட்டுக்கு வீடு அதே பேச்சு: கொடுவாவா, வஞ்சிரமா? உட்பொருள் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போதைய பங்குத்தந்தை இளைஞர். சாமி என்று கூப்பிட்டால் கூச்சப்படுகிறார், ஃபாதர்தான். சனிக்கிழமை இரவே அவருடைய ஞாயிறு சிந்தனை மூன்று நிமிட ஆடியோவாக வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். சங்கும் இல்லை, இன்ஜினும் இல்லை, ஆப்பமும் இல்லை. தெளிவான குரல், நல்ல கருத்து. நான் அதை ஒன்றரை வேகத்தில் கேட்கிறேன், அந்த வசதியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கேட்டார்களோ இல்லையோ, நாற்பது பேர் கைகூப்புகிறார்கள்.

2025 மே மாதம், அடுத்த போப்பாண்டவர் யார் என்று குழுவே ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்த வாரம், அதே நூற்று ஐம்பத்து மூன்று மீன் வந்தது. கை சும்மா இருக்கவில்லை. 'என்ன மீன் ஃபாதர்?' என்று தட்டிவிட்டேன். இரண்டே நிமிடத்தில் பதில்: 'கூகுளில் பார்த்தேன் ஐயா. அந்த ஊரில் பேதுரு மீன் என்று விற்பது திலாப்பியா. நம்ம ஜிலேபி.'

ஜிலேபி! கடல்மீன் பிடிக்கும் காசிமேட்டில் ஒரு வீட்டில் அதைச் சமைத்தால் அடுத்த வீட்டில் விசாரிப்பார்கள், என்ன கஷ்டமென்று. ராயப்பர் வலை வீசிய கலிலேயா கடலே நல்ல தண்ணீர் ஏரிதானாம்.

மறுநாள் பூசை முடிந்து, அந்தக் கிழவரின் மகனிடம் சொன்னேன். அவருக்கே அறுபது தாண்டிவிட்டது, இன்னும் மீன் ஏலத்துக்குப் போகிறவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளில சொல்லிடாதண்ணா. பேர மாத்துனாங்க, சரின்னு வுட்டோம். மீனயும் மாத்தவாணாம்."