கோடு சொல்வது பாதி, வயர் சொல்வது மீதி

பழைய டாடா 407 வைத்திருக்கிறேன். 1990-களின் வண்டி. ஸ்கேனர் சொருகும் இடத்தைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். எங்கே இருக்கிறது?
(குயிலாப்பாளையம் வாசகர்)

எங்கும் இல்லை. டீசலை அளந்து கொடுப்பது பம்புதான், கம்ப்யூட்டர் கிடையாது. உங்கள் வண்டிக்குப் பழுதுக் கோடு சைலன்சரில் வருகிறது. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது.

வாங்கப்போகும் பழைய வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(கோட்டக்குப்பம் வாசகர்)

பானெட்டைத் திறந்து இன்ஜெக்டர் தலையைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வயர் சொருகியிருந்தால் ஈசிஎம், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், உண்டு. இரும்புக் குழாய் மட்டும் வந்து சேர்ந்தால் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்கும் ஸ்கேனர் சொருகும் 16 முனை சாக்கெட் 1996 மாடலிலேயே கட்டாயமானது. நம் நாடு முழுக்க பிஎஸ்-4 புகை விதி வந்தது 2017 ஏப்ரல் 1-ல்தான். அதனால் ஆர்.சி. புத்தகத்துத் தேதியை மட்டும் நம்பாமல் கண்ணால் பார்ப்பது உத்தமம்.

காருக்கு வாங்கிய புளூடூத் ஸ்கேனரை உப்பு லாரியில் மாட்டலாமா?
(மரக்காணம் வாசகர்)

வேண்டாம். கார் 12 வோல்ட், பெரிய லாரி 24. காருக்கென்று செய்த மலிவு அடாப்டர் முதல் நாளே புகைந்துவிடலாம். தப்பித்தாலும் பேச்சு புரியாது: பெரிய லாரிகள் பேசுவது ஜே1939 என்ற வேறு மொழி. அதில் பழுது இரண்டு எண்ணாக வரும். எஸ்பிஎன் எந்த இடம் என்று சொல்லும், எஃப்எம்ஐ என்ன கோளாறு என்று சொல்லும். எஸ்பிஎன் 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் சூடு. எஃப்எம்ஐ 3, 4, 5 என்று வந்தால் அது மின்சாரத் தொல்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள்.

பிக்கப் வண்டியில் உப்பு மூட்டை ஏற்றுகிறேன். ஸ்கேனரில் இன்ஜின் சூடு மைனஸ் 40 டிகிரி என்று வருகிறது. ஈசிஎம் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். நிஜமா?
(உப்பளப் பகுதி ஓட்டுநர்)

பணத்தைப் பத்திரமாக வையுங்கள். சித்திரை வெயிலில் மரக்காணத்தில் மைனஸ் 40 வருமா? அந்த அளவுகோலின் அடிமட்டமே அதுதான். சென்சார் பக்கமிருந்து எதுவும் வந்து சேராதபோது, ஈசிஎம் அதைக் கடும் குளிராக எடுத்துக்கொள்கிறது. அதாவது வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சென்சார் செத்திருக்கிறது.

எது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். சென்சார் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். எண் நேரே உச்சிக்குத் தாவினால் வயரும் ஈசிஎம்மும் நலம், சென்சார்தான் போயிருக்கிறது. அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால் வயரைத் தொடர்ந்து போங்கள்.

நம் பக்கத்தில் இது அடிக்கடி வயராகத்தான் இருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து கனெக்டருக்குள் உட்காரும். செம்பு முனையில் பச்சைக் களிம்பு பூக்கும். சென்சார் ஓடுவது வெறும் 5 வோல்ட்டில். அதற்கு அந்தக் களிம்பே பெரிய சுவர். பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பாடி எர்த் போல்ட்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். சீசனில் ஒரு நாள் வண்டி நின்றால் ஓட்டுநருக்கும் கூலி இல்லை, மூட்டை தூக்குபவருக்கும் கூலி இல்லை. கோடு வந்ததும் பாகத்தை மாற்றச் சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

செலவில்லாமல் சென்சார்களைச் சோதிக்க வழி உண்டா?
(அனுமந்தை வாசகர்)

உண்டு. விடியற்காலையில், இரவெல்லாம் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 101 கிலோபாஸ்கல் அருகே நிற்க வேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் உயரத்துக்கேற்ற அட்டவணை பார்க்கத் தேவையே இல்லை. ஊட்டிக்காரருக்கு இந்த வசதி கிடையாது!

மெக்கானிக் வந்ததுமே கோடை அழித்துவிட்டார். விளக்கும் அணைந்துவிட்டது. சரியாகிவிட்டதா?
(திண்டிவனம் வாசகர்)

விளக்கு அணைந்தது, பழுது அப்படியே இருக்கிறது. கோடோடு சேர்த்து, பழுது வந்த நேரத்தில் வண்டி எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் ஓடியது என்ற பதிவும் அழிந்துபோகும். அடுத்த முறை அழிப்பதற்கு முன் திரையை போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

காயலான் கடையில் பழைய ஈசிஎம் கிடைக்கிறது. வாங்கலாமா?
(புதுச்சேரி வாசகர்)

பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போனால் மட்டும் யோசியுங்கள். பல காமன் ரெயில் இன்ஜின்களில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அதை ஈசிஎம்மில் எழுத வேண்டும். எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.