திங்கட்கிழமை மார்பு

நம் ஊர் ஜிம்களில் திங்கட்கிழமை என்றால் பெஞ்ச் பிரஸ். சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம். வரிசையில் நிற்கும் தம்பிகள் வெறும் கம்பியை நாலு முறை தூக்கி மூட்டைப் பழக்குவதில்லை. அது வீரத்துக்கு இழுக்கு.

தோள்பட்டைதான் உடம்பிலேயே அதிகம் அசையும் மூட்டு. அந்தச் சுதந்திரத்துக்கு விலையாக, மேல்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமில்லாத ஒரு குழியில் ஒண்டிக் குடித்தனம் நடத்துகிறது. அது விலகாமல் பிடித்து வைப்பவை ரொட்டேட்டர் கஃப் எனும் நான்கு சிறு தசைகள். பாவம், அவை கண்ணாடியில் தெரியாது. தெரியாத தசைக்கு எவன் மெனக்கெடுவான்? முழங்கையை விலாவோடு ஒட்டி, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுக்கச் சொன்னால், "அதெல்லாம் பாட்டிங்க பண்றது சார்" என்று பதில் வரும்.

பெஞ்ச் பிரஸில் முழங்கைகளைச் சிலுவைபோல விரிக்காமல் கொஞ்சம் உள்ளே கொண்டுவரச் சொல்லலாம். அப்படிச் செய்தால் பழகும்வரை எடையைக் குறைக்க வேண்டும். எடை குறைந்தால் மானம் என்னாவது? முதுகுக்கான ரோயிங்கோ, மார்புக்குச் செய்தது போக நேரம் மிஞ்சினால்தான். தோளை எல்லாப் பக்கமும் சுழற்றப் பழக்கிய கர்லாக்கட்டை, கொடுத்துவைத்த வீடுகளில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கை தலைக்கு மேல் போகாத நாளில் பிசியோதெரபிஸ்ட் அதே ரப்பர் பட்டையை நீட்டுவார், கட்டண ரசீதோடு. தம்பி பவ்யமாக வாங்கிக்கொண்டு, "இதுல மார்புக்கும் ஏதாவது பண்ணலாமா சார்?" என்பான்.