வாட் மாமா

தர்மபுரி மாவட்டத்தில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் ஒரு வாட் மாமா இருப்பார். நல்லம்பள்ளியில் அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அரூரில், மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபிறகு பொழுது போகாமல் இருப்பவர். தொழில் எதுவானாலும் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்; அண்ணாந்து பார்ப்பார். "இது எத்தன வாட்டு?" என்பார். குழந்தைகள் சௌக்கியமா, மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், ஒரு மார்க்கர் பேனா, காலண்டர் தாளைக் கிழித்து மடித்த கணக்குச் சீட்டு. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். இந்த ஒரு வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு அவர் ஊரையே அளந்துவிடுவார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நம் மாநிலத்து கரண்ட் பில் அப்படி. 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி முதல்வரானதும், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே படிப்படியாக விலை ஏறும். 500 என்ற கோட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டோடு நிற்காது. அதற்குக் கீழே சலுகை விலையில் கிடைத்த யூனிட்டுகளுக்கும் சலுகை போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். வாட் மாமாவுக்கு அது லட்சுமணன் கிழித்த கோடு. கணக்கெடுக்க ஆள் வரும் வாரத்தில் அவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆள் வந்ததும், "வா கண்ணு, 498-ல நிக்குது, சீக்கிரம் எழுதிக்கோ. உள்ள அத்தை மிக்ஸி போடப்போறா" என்று கையைப் பிடித்து மீட்டருக்கு அழைத்துப் போவார்.

பல்பு வாங்க அவரோடு கடைக்குப் போனால் அரை நாள் போய்விடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து எலக்ட்ரிகல் கடையில் பையன் ஒரு எல்இடியை எடுத்து ஹோல்டரில் மாட்டி, எரியவிட்டு, "ஒம்பது வாட்ஸ்ண்ணா, நல்லா எரியும்" என்பான். நமக்கு அது போதும். மாமாவுக்குப் போதாது. அட்டைப்பெட்டியை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொடி எழுத்தைத் தேடுவார்.

"லூமன் எவ்ளோ போட்டிருக்கான் பாரு."

"வாட்ஸ்தாண்ணா எல்லாரும் கேப்பாங்க."

"வாட்டுங்கிறது மாடு தின்ற தீவனம். லூமன்தான் கறக்கிற பால். நீ தீவனத்தைப் பாத்து மாடு வாங்குவியா?"

பையன் வாயைத் திறக்கமாட்டான். உண்மையில் மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்தது சுமார் 700 லூமன். ஒழுங்கான 9 வாட் எல்இடி 900 வரை கொடுக்கும். அதே 9 வாட் என்று அச்சடித்த மட்டமான சரக்கு 600-ஐத் தொடாமலும் இருக்கலாம். பெட்டியில் எரிசக்தித் திறன் அமைப்பின் நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்று அடுத்துப் பார்ப்பார். பிறகு செல்போன் கேமராவை எரியும் பல்புக்கு நேரே பிடிப்பார். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் "துடிக்குது, வேணாம், வேற எடு." உள்ளே மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சர்க்யூட், அதாவது டிரைவர், மட்டமானதாக இருந்தால் அப்படி ஓடும், கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பில் படித்தால் சிலருக்குத் தலை வலிக்கும். கடைசியில் ஒன்று தேறும். அதன் கழுத்தில் மார்க்கரால் தேதி எழுதி, ரசீதை அட்டைப்பெட்டிக்குள் போட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார். இரண்டு வருட கேரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது பல்பு போனால் அவர் முகத்தில் வரும் பிரகாசத்தை எந்த பல்பாலும் தரமுடியாது.

அவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. எல்இடி வந்த புதிதில் முந்நூறு நானூறு கொடுத்து ஒரு டஜன் வாங்கிவிட்டார். 2014 தொடக்கத்தில் மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் மொத்தமாக வாங்கிய விலையே ஒன்று 310 ரூபாய்தான். பிறகு மலிவு விலையில் எல்இடி தரும் உஜாலா திட்டம் வந்தது. 2015 ஜனவரி 5-ல் மோடி தொடங்கிவைத்தார். கோடிக்கணக்கில் டெண்டர் விட்டதும் 2016-ல் அந்தக் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. அதற்கு மேல் ஒரு குத்தாக, 2021-ல் பீகார் மாநிலம் ஆராவில் பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் பத்து ரூபாய்க்குப் புது எல்இடி என்று செய்தி வந்தது. அந்தப் பேப்பரை மாமா இன்னும் வைத்திருக்கிறார். பீகாரில் ஒரு சொந்தக்காரன் இல்லாமல் போனானே என்று ஒருநாள் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

டீக்கடையில் அவருக்கு ஒரு எதிர்க்கட்சி உண்டு. குண்டு பல்புக் கட்சி. அதன் தலைவர் சொல்வார்: "அமெரிக்காவுல லிவர்மோர்ங்கிற ஊர்ல ஃபயர் ஸ்டேஷன்ல 1901-லேர்ந்து ஒரே குண்டு பல்பு எரியுதாம். உன் எல்இடி எரியுமா?"

"எரியுதுப்பா. எவ்ளோ வெளிச்சம்? நாலு வாட்டு. அதுக்குக் கீழ உக்காந்து தினத்தந்தி படி பாப்போம்."

உடனே நோபல் பரிசுக்குத் தாவுவார். நீல எல்இடிக்காக 2014-ல் அகாசாகி, அமானோ, நகமுரா மூன்று பேருக்கும் இயற்பியல் பரிசு கொடுத்தது, நீலம் வந்த பிறகுதான் அதன்மேல் மஞ்சள் பூச்சுப் பூசி வெள்ளை வெளிச்சம் எடுக்க முடிந்தது, எல்லாம் சொல்வார். "அந்த மூணு பேரும் நம்ம பக்கம் வந்தா ஒகேனக்கல்ல மீன் வாங்கித் தர்றேன், இப்ப டீக்குக் காசு குடு" என்பார் மாஸ்டர். ஆனால் மாமாவின் துருப்புச் சீட்டு வோல்டேஜ். சாயங்காலம் வயல் மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் கிராமத்தில் குண்டு பல்பு சிவந்துபோகும், சோக் வைத்த டியூப்லைட் கண் சிமிட்டிவிட்டுப் படுத்துவிடும். நல்ல டிரைவர் வைத்த எல்இடி நூறு சொச்சம் வோல்ட்டிலும் அசராமல் எரியும். இதற்குக் குண்டு பல்புக் கட்சியிடம் பதில் கிடையாது.

பதில் வேறு பக்கமிருந்து வந்தது. மார்கழிக் குளிரில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். ராத்திரி பூரா எரியும் அதைப் பார்த்து மாமாவுக்கு மனசு பொறுக்கவில்லை. பெரியம்மா கோயிலுக்குப் போன நேரம் அதைக் கழற்றி, தன் கைக்காசில் வாங்கிய 9 வாட் எல்இடியை மாட்டிவிட்டு வந்தார். பெட்டி பகல்போல ஜொலித்தது. பதினோரு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். பெரியம்மா முந்தானையில் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு நிற்கிறாள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்குகின்றன. "நீ வெளிச்சம் வச்சிட்டுப் போயிட்ட. இதுங்க என்னா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கா படிக்குதுங்க?"

குண்டு பல்பு குடிக்கும் மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சூடாகத்தான் போகிறது என்று ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவர் அவர். அந்தச் சூட்டுக்காகவே ஒருத்தி பல்பு வாங்குவாள் என்பதுதான் அவர் சீட்டில் இல்லை. அன்று முதல் குஞ்சுப்பெட்டிக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்.

வீட்டிலும் அவருக்கு ஒரு தோல்வி உண்டு. சாமி அறையில் இருபது வருடமாகச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு ஒன்று இரவுபகல் எரிந்துகொண்டிருந்தது. பெயரே ஜீரோ, அதனால் அது எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஒருநாள் எதேச்சையாகக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்: 15 வாட். பழைய சக்கர மீட்டரை இவ்வளவு சின்ன பல்பால் சுற்றவைக்க முடியாது என்பதால் வந்த பெயர் என்பார்கள். இப்போதைய மீட்டர் ஒரு துளிகூட விடாது. பதினைந்தை இருபத்துநாலால் பெருக்கி, அறுபது நாளால் பெருக்கி, 21.6 யூனிட் என்று கண்டதும் சோறு இறங்கவில்லை. கூடத்து 9 வாட் பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் அதே இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட்தான். ஆக, வீட்டு விளக்குகளிலேயே அதிகம் தின்றது ஜீரோதான்.

கழற்றப் போனவரை அத்தை தடுத்தாள். "சாமிக்குமா கணக்குப் பாப்பீங்க? சரி, கழட்டுங்க. நல்லெண்ணெ வெளக்கு ஏத்திடறேன், அதுதான் நெஜமான ஜீரோ வாட்டு." மாமா சீட்டை எடுத்தார். எண்ணெய் லிட்டர் விலையை எழுதினார், பெருக்கினார், சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் அரை வாட் சிவப்பு எல்இடி வந்து மாட்டப்பட்டது. அத்தைக்கும் சம்மதம், சாமி ஒன்றும் சொல்லவில்லை.

அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கிய ஒரு எல்இடியைப் பார்த்துக்கொண்டு அவர் நடுராத்திரியில் உட்கார்ந்திருந்த கதை தனி. சுவிட்ச் நியூட்ரல் வயரில் இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து மாற்றினார். அந்த மினுக்கலுக்கு ஆன மின்சாரத்தை அளக்க அவரிடம் கருவி இல்லை. கூலி மட்டும் கணக்கில் ஏறியது.

இத்தனை சொன்னேனே, மாமா தினம் காலையில் எப்படிக் குளிக்கிறார் தெரியுமா? வாளியில் 1500 வாட் ஹீட்டர் ராடு. அரை மணி நேரம். முக்கால் யூனிட். அந்த மின்சாரத்தில் கூடத்து 9 வாட் பல்பை 83 மணி நேரம், அதாவது மூன்றரை நாள் அணைக்காமலே எரியவிடலாம். கழிவறை விளக்கை யாராவது ஒரு நிமிடம் கூடுதலாக எரியவிட்டால் வெளியிலிருந்து கதவைத் தட்டும் அதே மனிதர்தான் இவர். தலைக்கு மேலே சுற்றுவது 75 வாட் பழைய ஃபேன். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் 18-ல் முடிந்துவிடும். விலை கேட்டார், வேண்டாம் என்றுவிட்டார். ராடு விஷயத்தை மகள் ஒருமுறை எடுத்துச் சொன்னாள். "வெந்நீர் ஒடம்புக்கு. அதுல போய்க் கணக்குப் பாக்கலாமா?" என்றார்.

வாட் மாமாவைக் கேலி செய்யலாம், ஆனால் பல்பு வாங்கும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. லூமனைப் பாருங்கள், கேமராவைப் பிடித்துப் பாருங்கள், காற்றுப் புகாமல் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் எல்இடியைப் போடாதீர்கள். சூட்டில் டிரைவர் சீக்கிரம் போய்விடும். இதெல்லாம் அவர் காசு வாங்காமல் சொல்லித்தருவது. வீட்டுக்கு வந்தால் டீ கொடுத்து உபசரியுங்கள். மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் காட்டிவிடாதீர்கள்.